கழுத்தில் நெறி இல்லை என்கிறது ஸ்கேன், அப்புறம் ஏன் கழுத்தையும் திறக்க வேண்டும்?

வண்டிப்பெரியாறு_செல்வி
செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், இப்போது குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை, இவ்வளவுதான் அவருக்குத் துணை. புகையிலையை இடது கடைவாயில் அடக்கிக்கொண்டே நிரை முழுக்கப் பறித்து முடிப்பார்.

தீபாவளிக்கு முன்பிருந்தே நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். பல் உரசுகிறது என்று நினைத்தோம். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் என்று மூன்று மாதம் போய்விட்டது. வலி இல்லை என்பதால் அம்மாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அப்புறம்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாய்ப்புற்று என்று வந்தது. எம்ஆர்ஐயில் புண் 2.4 செ.மீ., ஆழம் 6 மி.மீ., கழுத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், கூடவே இடது பக்கக் கழுத்தில் காது அடியிலிருந்து திறந்து நெறிகளையும் எடுக்க வேண்டும் என்கிறார். கம்பத்திலிருந்து தாய்மாமா வந்து உட்கார்ந்துகொண்டு, “இல்லாத இடத்தில் எதற்குக் கத்தி? கத்தி பட்டால்தான் அது பரவும்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாறசாலை_முத்து
செவ்வாய், இரவு 10:25

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. எங்கள் அப்பாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவரும் முறுக்கான் போடுகிறவர். நாக்கு ஓரத்தில் சின்னதாக ஒன்று, அதை மட்டும் எடுத்தார்கள். கழுத்தில் ஒன்றும் இல்லை, மாதாமாதம் வந்து காட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போனோம். அப்புறம் அக்கா கல்யாணம், அதற்கடுத்து மழை, இரண்டு முறை விட்டுப்போனது. ஒரு நாள் ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் தட்டுப்படுகிறது என்றார். நாங்கள் ஆஸ்பத்திரியில் போய் நிற்பதற்குள் அது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. தோலோடு ஒட்டி, அசையாமல். அதற்குச் செய்த ஆபரேஷன் முதலில் செய்திருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு பெரியது. ஒன்றரை வருஷம் இருந்தார்.

முதலிலேயே கழுத்தையும் பார்த்திருக்கலாமே என்று அந்த ஆஸ்பத்திரியில் கேட்டேன். அப்போதைய வழக்கம் அப்படி என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். உன் டாக்டர் கேட்காமலே அதைச் சொல்கிறார் என்றால் அவர் சரியாகத்தான் யோசிக்கிறார் என்பது என் எண்ணம்.


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
புதன், காலை 6:50

செல்வி, புற்று பரவுவதைப் பற்றிய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். நோயாளிக்கு மருந்து எழுதுகிறவன் இல்லை, ஆனால் நீங்கள் கேட்டது எங்கள் வேலையின் நடுமையத்தில் இருக்கிற கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமல்லவா? அது நிணநீர் முடிச்சு. காலிலிருந்து வரும் நிணநீர் அங்கேதான் வடிகட்டப்படுகிறது. அதே மாதிரி நாக்கு, கன்னம், ஈறு இவற்றின் நிணநீர் கழுத்தில் வரிசையாக இருக்கிற நெறிகளுக்கு வருகிறது. வாய்ப்புற்று தன் இடத்தை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் தங்குகிற இடம் கழுத்துதான். நுரையீரல், எலும்பு, ஈரல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்கேன் நெறியின் அளவையும் வடிவத்தையும் பார்க்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தாலோ நடுவில் அழுகியிருந்தாலோ சந்தேகம் என்று எழுதுவார்கள். நெறி வீங்காமல் உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் புற்று செல் குடியேறியிருந்தால் எம்ஆர்ஐக்கும் தெரியாது, பெட் ஸ்கேனுக்கும் தெரியாது. நெறியை எடுத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும். “இல்லை” என்று ஸ்கேன் சொல்வதற்கு “என் கண்ணுக்குத் தெரியவில்லை” என்பதுதான் அர்த்தம்.

இதைச் சோதித்த பெரிய ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 2004 முதல் 2014 வரை. உங்கள் அம்மாவைப் போலவே ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் எதுவும் தெரியாதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்தையும் திறந்தார்கள். மீதிப் பேருக்கு வாயை மட்டும் செய்துவிட்டு, கழுத்தில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். 2015இல் முதல் 500 பேரின் முடிவு வெளியானது. மூன்று வருஷம் கழித்து, முதலிலேயே கழுத்தைத் திறந்தவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். முதலிலேயே திறந்த கழுத்துகளில் பத்துக்கு மூன்றில் ஏற்கனவே புற்று இருந்தது, வெளியே ஒரு தடயமும் இல்லாமல். அந்த மூன்றில் உங்கள் அம்மா ஒருவரா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது.

ஆழம் 6 மி.மீ. என்றீர்கள், அதுவும் முக்கியம். முன்பெல்லாம் அகலத்தை மட்டும் அளந்து நிலை சொன்னார்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கிற உலக அளவிலான வகைப்பாட்டில் ஆழத்தையும் சேர்த்துவிட்டார்கள், 5 மி.மீ. தாண்டினால் அடுத்த நிலை. ஏலச்செடியை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரியாததா. மேலே பார்க்க ஒரு தூர், அடியில் கிழங்கு பக்கவாட்டில் ஓடி வேறு இடத்தில் முளை விட்டிருக்கும். நாக்கின் மேல்தோல் அடியில்தான் நிணநீர்க் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. புற்று எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுக்கு அவற்றைத் தொடுகிற வாய்ப்பு.

செல் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் எங்கள் கூடத்தில் தினமும் பார்ப்பது. தோலின் செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பவை. 2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் குழு 18 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து ஏறத்தாழ 6,000 செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்த்தார்கள். கட்டியின் எல்லாச் செல்லும் ஓடுவதில்லை. விளிம்பில், சுற்றியிருக்கிற நார்த்திசு செல்களை ஒட்டி நிற்கிறவைதான் பிடியைத் தளர்த்தி நகரத் தயாராகின்றன. முழுசாக மாறுவதில்லை, பாதி மாறுகின்றன. தன் பழைய குணத்தையும் வைத்துக்கொண்டு நகரவும் கற்றுக்கொள்கின்றன. இந்தப் பாதி மாற்றம் அதிகம் இருந்த கட்டிகளில் நெறிக்குப் பரவுவதும் அதிகம். முதல் தடவை அந்த விளிம்பை ஒளிரும் சாயத்தில் பார்த்தபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. நடுவில் அடைசலாக ஒரே நிறம், ஓரத்தில் நான்கைந்து செல்கள் மட்டும் விரல் நீட்டின மாதிரி திசுவுக்குள் நீண்டு நிற்கும்.

கத்தி வந்து அவற்றைக் கிளப்பவில்லை. கத்தி வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அவை கிளம்பிவிடுகின்றன.


ஆரியங்காவு_மணி
புதன், காலை 11:15

ஆய்வகத்து அண்ணா எழுதியது படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. நெறி, டிபியாக இருக்கும் என்று சொல்லி பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அறுத்து எடுத்தார்கள். அந்தத் தையல் ஆறவே இல்லை. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் காலிஃபிளவர் மாதிரி கிளம்பியது. தொண்டையில் புற்று இருந்திருக்கிறது, யாரும் தொண்டையைப் பார்க்கவில்லை. கத்தி வைக்கும்வரை நல்லா இருந்த மனுஷன். இதைக் கண்ணால் பார்த்தவனிடம் கத்தியால் பரவாது என்றால் எப்படி நம்புவது?


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
புதன், மதியம் 1:30

மணி தம்பி, உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது தப்பு. நீங்கள் பார்த்ததும் உண்மை. நாற்பது தாண்டியவருக்குக் கழுத்தில் கெட்டியாக நெறி வந்தால் முதலில் வாய், தொண்டை, குரல்வளை முழுதும் பார்க்க வேண்டும். நெறியை மெல்லிய ஊசியால் குத்தி உறிஞ்சிப் பார்ப்பதுதான் முறை. எடுத்த எடுப்பில் அறுத்தால் நெறியின் உறை கிழிந்து சுற்றுத் திசு குழம்பிப்போகும், அடுத்து வருகிற அறுவை மருத்துவருக்கு எல்லை தெரியாது. அப்படிச் செய்யக் கூடாது என்றே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் செல்வி அம்மாவுக்குச் சொல்லியிருப்பது அது இல்லை. மூலம் எங்கே என்று தெரியும், பயாப்ஸி புண்ணிலிருந்து எடுத்தது, கழுத்து ஆபரேஷனில் நெறிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுவதில்லை, சுற்றியிருக்கிற கொழுப்போடு ஒரே பொதியாக எடுப்பார்கள். உங்கள் சித்தப்பா கதை ஊருக்குள் “கத்தி பட்டால் பரவும்” என்று சுருங்கிப்போனதுதான் என் கவலை. அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, பயாப்ஸிக்கே வராமல் ஆறு மாதம் நாட்டுமருந்து தேடிப்போய்விட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்.


செங்கோட்டை_சிஸ்டர்
புதன், இரவு 8:05

புற்றுநோய் வார்டில் 14 வருஷம் வேலை. செல்வி, டாக்டர் சொல்ல நேரமில்லாத விஷயங்களை நான் சொல்கிறேன்.

கழுத்து ஆபரேஷன் என்றால் பழைய காலத்தில் தசை, பெரிய சிரை, தோள் நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார்கள். 1906இல் கிரைல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த முறை. அந்த ஆட்கள்தான் தோள் தொங்கி, கழுத்து ஒட்டி இருப்பார்கள், உங்கள் மாமா அப்படி யாரையாவது பார்த்திருப்பார். இப்போது அம்மா மாதிரி ஆரம்ப நிலைக்கு அந்த மூன்றையும் விட்டுவிட்டு நெறிப் பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். நரம்பை விட்டாலும் கொஞ்ச நாள் தோள் பலம் இல்லாத மாதிரி இருக்கும், கையைத் தலைக்கு மேல் தூக்கக் கஷ்டப்படுவார். பிசியோதெரபியை வீட்டிலும் விடாமல் செய்ய வைக்க வேண்டும். கழுத்தில் நீர் வடிவதற்கு ஒரு ட்ரெயின் குழாய் சில நாள் இருக்கும், பயந்துவிடாதீர்கள். மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சி கொடுப்பார்கள். அரைத்ததை நன்றாக வடிகட்டுங்கள், அடைத்துக்கொண்டால் மறுபடி குழாய் போடுவது அவருக்கு வேதனை. பேச்சில் “ர”வும் “ல”வும் கொஞ்ச நாள் குழறும், சிரிக்காமல் பொறுமையாகப் பேச விடுங்கள்.

மணி தம்பி, சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார்?


தென்மலை_ரவி
புதன், இரவு 9:30

தொண்டைப்புற்று வைரஸால் வருகிறது, அது வந்தால் பயமில்லை, நன்றாகக் குணமாகும் என்று ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில் படித்தேன். கழுத்தில் நெறி வந்தாலும் பிழைக்கிறார்களாம். அதைக் கேட்டுப் பார்க்கலாமே?


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
புதன், இரவு 9:55

ரவி, அது எச்பிவி வைரஸால் டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் வருவது, மேற்கு நாடுகளில் அதிகம். அதன் போக்கே வேறு. நம் பக்கம் புகையிலையும் பாக்கும் அடக்கி வைக்கிற இடத்தில் வருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலையை விட்டுவிட்டு பாக்கு மட்டும் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.


ஆரியங்காவு_மணி
வியாழன், காலை 7:10

சிஸ்டர், சித்தப்பாவுக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், இப்போது நுரையீரலில் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். இனி ஆபரேஷன் இல்லை. நேற்று கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பரவிவிட்டவர்களுக்கு ஆராய்ச்சியில் எதுவும் இல்லையா?


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
வியாழன், காலை 8:20

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. இருக்கிறது. குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன், காலத்தையும் நிம்மதியையும் கூட்டுகிற வழிகள். அதில் இரண்டு டாடா மெமோரியலில் செய்தவை என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

ஒன்று, மெத்தோட்ரெக்ஸேட், செலகாக்சிப் என்ற மலிவான மாத்திரைகளை வீட்டிலிருந்தே குறைந்த அளவில் எடுப்பது. ஊசியில் ஏற்றுகிற சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டபோது சராசரி ஆயுள் 7.5 மாதம், சிஸ்பிளாட்டினுக்கு 6.1. பக்க விளைவும் குறைவு. 2020இல் வந்தது. இன்னொன்று, நிவோலுமாப் என்கிற நோய் எதிர்ப்பு மருந்து. முழு அளவில் கொடுத்தால் நம் ஆட்கள் வீட்டை விற்றாலும் கட்டாது. அதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் மட்டும் இந்த மாதிரி மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதம், இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 சதவீதம். சித்தப்பாவுக்குப் பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் “குறைந்த அளவு நிவோலுமாப்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்கிற பாலியேட்டிவ் குழு கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறது, வீட்டுக்கே வருவார்கள். கொல்லம் மாவட்டம்தானே உங்களுக்கு, பஞ்சாயத்தில் கேட்டாலே சொல்வார்கள்.


வண்டிப்பெரியாறு_செல்வி
வியாழன், இரவு 10:40

எல்லோர் எழுத்தையும் மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முத்து அண்ணன் அப்பா கதையில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, பத்துக்கு மூன்று பேருக்கு இருந்தது என்ற இடத்தை மறுபடி படி என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போது, “ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கம்பத்திலிருந்து நாலு பேரைக் கூட்டி வருகிறேன்” என்றார். நாளை சம்மதம் என்று சொல்லப்போகிறேன்.

ஒரு சந்தேகம். கழுத்தை முழுசாகத் திறக்காமல் முதல் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கிற முறை இருக்கிறதாமே?


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
வெள்ளி, காலை 6:30

இருக்கிறது. புண்ணைச் சுற்றி ஒரு திரவம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேருகிற நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பது. பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளில் முழு ஆபரேஷனுக்குக் குறையவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தனிக் கருவி, பழகிய கை, நெறியை நுணுக்கமாகச் சீவிப் பார்க்கிற நோயியல் பிரிவு எல்லாம் வேண்டும். பக்கத்தில் அது இல்லையென்றால் அதைத் தேடி நாள் தள்ள வேண்டாம் என்பேன்.


வண்டிப்பெரியாறு_செல்வி
23 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5:15

ஆபரேஷன் முடிந்து அம்மா லயத்துக்கு வந்துவிட்டார். பத்தாலஜி ரிப்போர்ட் நேற்று வந்தது. கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே மூன்று முறை படித்தேன். நாக்கில் வெட்டிய விளிம்பு சுத்தம். கழுத்திலிருந்து 34 நெறிகள் எடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டில் புற்று. ஒன்றில் 4 மி.மீ., இன்னொன்றில் 2 மி.மீ. நெறியின் உறையைத் தாண்டி வெளியே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறது.

மாமாவிடம் அந்த வரியைக் காட்டி, கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடைக் கண் 8 மி.மீ. என்று சொன்னேன். அதில் பாதி. ஸ்கேனுக்கு எங்கே தெரியும்.


கொழிஞ்சாம்பாறை_ஆய்வகம்
ஞாயிறு, மாலை 6:00

செல்வி, அந்த இரண்டும் உள்ளேயே இருந்திருந்தால் முத்து அப்பாவின் கதைதான். உறை உடையவில்லை என்பது நல்ல செய்தி. 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியான இரண்டு ஆய்வுகள்தான் உறை உடைந்தவர்களுக்கும், விளிம்பில் புற்று மிஞ்சியவர்களுக்கும் ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டினும் வேண்டும் என்று காட்டின. அம்மாவுக்கு இரண்டும் இல்லை, அதனால் ரேடியேஷன் மட்டும் போதும் என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.


செங்கோட்டை_சிஸ்டர்
ஞாயிறு, இரவு 8:45

ரேடியேஷன் என்றால் வாரம் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம். ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரிடம் காட்டி எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும், அப்புறம் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். மூன்றாவது வாரம் வாய் வெந்துபோகும், அப்போதுதான் பாதியில் விட்டு ஓடுவார்கள். பிடித்து நிறுத்துங்கள். காருண்யா மருத்துவக் காப்பீட்டு கார்டு கேரளத்து ஆஸ்பத்திரியில் செல்லும், மலை இறங்கித் தேனி, மதுரைப் பக்கம் போவதாக இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். 1996இல் திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 35 வயது தாண்டிய ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் எழுதினார்கள். பதினைந்து வருஷக் கணக்கில் 24 சதவீதம். உங்கள் லயத்தில் அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்கள் எத்தனை பேர் வெற்றிலை போடுகிறார்கள்?


வண்டிப்பெரியாறு_செல்வி
செவ்வாய், இரவு 9:10

சிஸ்டர், எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. நேற்று சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பேச்சு இன்னும் குழறுகிறது, கையைக் காட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் செல்போன் டார்ச் அடித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னேன், கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கை வெளியே நீட்டி இரண்டு ஓரமும், நாக்கைத் தூக்கி அடியிலும் பார்த்தோம். ஒன்பது பேர் காட்டினார்கள். இரண்டு வீட்டில் வரமாட்டேன் என்றுவிட்டார்கள்.

கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு வலது கன்னத்தின் உள்ளே, புகையிலை அடக்குகிற இடத்தில், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, என் பெருவிரல் நகம் அளவு. எரிச்சல் இல்லை, வலி இல்லை என்கிறார். வியாழக்கிழமை அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், அதே பஸ்ஸில் அவரையும் ஏற்றிக்கொள்கிறேன். மாமா வேறு கூட வருகிறாராம்.